இலைக்கும் இலைக்கும் இடையே

எந்த மன்னன் எந்தக் கோட்டையைப் பிடித்தான்? எந்தக் களத்தில் எத்தனை யானைகள் மாண்டன? எவன் எவனுக்குத் திறை கட்டினான்? இவற்றையெல்லாம் நம்முடைய வரலாற்று நூல்கள் ஒன்று விடாமல் சொல்கின்றன. பள்ளியிலே நாமும் அவற்றைப் பாடமாக நடத்துகிறோம்; மாணவர்களும் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால், அந்த மன்னன் காலத்திலே ஒரு மாலைப் பொழுதில் ஒரு வீட்டில் உலை கொதித்ததே, அந்தச் சோற்றை யார் யார் ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள்? யார் திண்ணையோடு நிறுத்தப்பட்டார்கள்? யார் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள்? சமைத்தவள் எப்போது உண்டாள்? அந்த நூல்களில் இவற்றுக்கு விடை இல்லை. விடை இல்லாதது மட்டுமா? கேள்வியே இல்லை!

மனிதன் தன் சமுதாயத்தைப் பற்றி மேடையிலே சொல்லுவது ஒன்று. மாலையிலே வீட்டுக் கூடத்தில் இலை போடும்போது செய்வது வேறொன்று. சொல்லைக் கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு. இலையைப் பார்த்து ஏமாந்தவர் எவருமில்லை. யாரை அருகில் உட்கார வைத்தாயோ, அவனைத்தான் நீ மனிதனாக மதித்தாய். ஆகவே, வீட்டிலே சமைத்து, உறவோடும் நட்போடும் கூடியுண்ணும் எளிய செயலுக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் வெற்றியும் உண்டு, வீழ்ச்சியும் உண்டு, இன்னும் முடிவுறாத ஒரு போரும் உண்டு. அதைச் சற்றே காண்போம்.

புதியவனுக்குப் பெயர் விருந்து

விருந்து என்றால் இன்று நமக்கு நினைவுக்கு வருவது வடையும் பாயசமும். பழந்தமிழில் அச்சொல் உணவைக் குறிக்கவில்லை; புதுமையைக் குறித்தது. நூலுக்குரிய வனப்புகள் எட்டனைக் கூறிய தொல்காப்பியர், புதுமையாக யாக்கப்படும் செய்யுளுக்கு விருந்து என்றே பெயரிட்டார். அச்சொல் வீட்டுக்குப் புதிதாக வந்தவரையும் குறித்தது. பிற்பாடுதான் அவருக்கு இட்ட உணவின் மேல் ஏறியது. சுற்றம் வேறு, விருந்து வேறு. இல்லறத்தான் பேண வேண்டியவர்களை எண்ணிச் சொன்ன வள்ளுவரும் விருந்தையும் ஒக்கலையும் தனித்தனியே வைத்தார்; விருந்தோம்பலுக்கென்று ஒன்பதாம் அதிகாரத்தையே ஒதுக்கினார். மாமனுக்கும் மைத்துனனுக்கும் சோறிடுவது எவரும் செய்வது. முன்பின் அறியாத ஒருவனை உள்ளே அழைத்து, அவன் முகம் வாடாமல் உண்ணச் செய்வதையே தமிழர் அறம் என்றனர்.

அந்த அறத்தை ஆற்றுப்படை நூல்கள் படம் பிடித்துக் காட்டுகின்றன. நல்லூர் நத்தத்தனார், நல்லியக்கோடனிடம் செல்லும் வழியைப் பாணனுக்குச் சொல்லுகிறார். வழி என்றால் வெறும் வழியா? எந்த ஊரில் எந்த வீட்டில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறார். கடற்கரையிலே நுளையர் குடிலில் சுட்ட குழல்மீன்; எயினர் குடியிருப்பில் புளியிட்டு ஆக்கிய சூடான சோறும் ஆமான் இறைச்சியும்; மருத நிலத்து உழவர் இல்லத்தில் வெண்சோறும் நண்டுக் கறியும். அரண்மனை விருந்து கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்பு, வழிநெடுக, உழைப்பவன் வீட்டுச் சோறு!

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. யாழைத் தோளில் தாங்கி, பசித்த சுற்றத்தோடு நடந்துவரும் பாணன் அந்தணர் வாழும் ஊருக்கும் செல்கிறான். அங்கேயும் அவனுக்குச் சோறு உண்டு. மாதுளங்காயை வெண்ணெயில் வேகவைத்து, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்த கறி உண்டு. மாவடு ஊறுகாயும் உண்டு. வளை அணிந்த கையாள் ஒருத்தி சமைத்ததை அவன் பெறுகிறான். கவனியுங்கள் தோழர்களே! பாணன் அங்கே வாயிலில் நின்று திரும்பியதாகப் புலவர் பாடவில்லை.

பல நூற்றாண்டுகள் சென்றன. அதே பாணர் குலத்தில் வந்தவர் திருப்பாணாழ்வார். திருவரங்கத்து மண்ணில் கால் வைக்கவும் உரிமையற்றவராக, காவிரியின் மறுகரையிலே நின்று அவர் பாடினார் என்று வைணவரின் குருபரம்பரைக் கதைகளே கூறுகின்றன. வீட்டுக்குள் உண்டவன் எப்படி ஆற்றங்கரைக்கு அப்பால் போனான்? இடையிலே நடந்தது என்ன? வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி இதுவல்லவா?

சங்க காலத்தில் சாதியின் சாயலே இல்லை என்று நாம் கூற மாட்டோம். இழிசினன் என்ற சொல் புறநானூற்றிலேயே இருக்கிறது. உயர்வு தாழ்வின் விதை அன்றே விழுந்திருந்தது. ஆனால், விதை விழுந்தது ஒரு காலம். அது மரமாகி வீட்டு வாயிலை அடைத்தது வேறொரு காலம்.

விருந்தினனுக்கும் வருணம்

அந்த மரத்துக்கு உரமிட்டவை சாத்திரங்கள். மனுவின் நூலில் மூன்றாம் அத்தியாயம் விருந்தினர் யார் என்று விளக்கம் தருகிறது. பார்ப்பனர் வீட்டுக்கு வரும் க்ஷத்திரியன் அங்கே விருந்தினன் ஆகமாட்டானாம். வைசியனும் சூத்திரனும் ஆகமாட்டார்களாம். வைசியனும் சூத்திரனும் விருந்தினராகவே வந்து சேர்ந்துவிட்டால், வேலைக்காரரோடு உட்கார வைத்து உண்ணச் செய்யலாமாம். நான்காம் அத்தியாயம் எவருடைய உணவை உண்ணலாகாது என்று ஒரு பட்டியல் போடுகிறது. மருத்துவன், தச்சன், கொல்லன், பொற்கொல்லன், தையற்காரன், வண்ணான், பாடகன், நடிகன் என்று அப்பட்டியல் நீள்கிறது. அதாவது, நோய் தீர்ப்பவன், வீடு கட்டுபவன், கருவி செய்பவன், ஆடை தருபவன், அழுக்கு நீக்குபவன், மனத்துக்கு இன்பம் அளிப்பவன் ஆகியோர் வீட்டுச் சோறு ஆகாது!

தமிழன் வகுத்த விருந்துக்கு ஒரே தகுதி புதியவனாக இருத்தல். சாத்திரம் வகுத்த விருந்துக்குத் தகுதி பிறப்பு. இந்த இரண்டு கருத்துகளும் மோதின. இரண்டாவது வென்றது.

வென்றதும் அது ஒரு விந்தையான விதியைச் செய்தது. யாரிடமிருந்தும் நெல்லை வாங்கலாம், பருப்பை வாங்கலாம், காய்கறியை வாங்கலாம். அவை தீட்டல்ல. ஆனால், அந்த நெல்லை விளைவித்தவனே குத்திப் புடைத்துச் சோறாக்கித் தந்தால் அது தீட்டு! சேற்றில் நின்று அவன் கை தொட்ட நாற்று தூய்மையானது. அவன் அறுத்த கதிர் தூய்மையானது. அவன் சுமந்த மூட்டையும் தூய்மையானது. அடுப்பில் ஏறி, நெருப்பில் வெந்து, கிருமியெல்லாம் செத்த பிறகு மட்டும் அது தூய்மை கெட்டுவிடுகிறது! உடல்நல அறிவு இதற்கு நேர்மாறாக அல்லவா சொல்லுகிறது? வேகாததில் ஆபத்து, வெந்ததில் பாதுகாப்பு என்பதல்லவா மருத்துவர் கூற்று? ஆகவே, இது சுத்தத்தைப் பற்றிய விதி அல்ல. உழைப்பை வாங்கிக்கொள்ள வேண்டும், உழைப்பவனை உட்கார வைக்கக் கூடாது என்ற விதி. நெல்லுக்குத் தீட்டு என்றால் களஞ்சியம் காலியாகும். சோற்றுக்குத் தீட்டு என்றால் எந்த நட்டமும் இல்லை. விதி செய்தவர்களின் கணக்கு எவ்வளவு துல்லியம் பாருங்கள்!

பந்தியை மாற்ற எழுந்தவர்கள்

இந்த மதிலை இடிக்க முயன்றவர்கள் ஒருவர் இருவர் அல்லர். பஞ்சாபிலே குருநானக் (1469–1539) தொடங்கிய வழியில், சீக்கியரின் பொதுச் சமையற்கூடமான லங்கர் வளர்ந்தது. முதலில் பந்தியில் உட்கார், பிறகு குருவைப் பார் என்ற முறையை மூன்றாம் குரு அமர்தாஸ் வற்புறுத்தினார். தென்கோடியில், சாமித்தோப்பிலே வைகுண்டசாமி (1809–1851) தம்மைத் தேடி வந்த மக்களை ஒரே கிணற்று நீரைப் பயன்படுத்தச் செய்தார். ஒரே பந்தியில் உண்ணச் செய்தார். 1867 மே 23-ஆம் நாள் வடலூரில் இராமலிங்க வள்ளலார் சத்திய தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார். பசித்து வருபவன் என்ன சாதி என்று அங்கே கேட்பதில்லை. அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை.

இவர்கள் பக்தி நெறியில் நின்றவர்கள். பகுத்தறிவு நெறியில் நின்று பந்தியைப் போர்க்களமாக்கியவர்களில் முன்வரிசையில் நிற்பவர் ஒருவர் உண்டு. கொச்சி நாட்டுச் செறாயியில் பிறந்த ஐயப்பன். 1917 மே 29-ஆம் நாள், 27 வயது இளைஞரான அவர், தம் தோழர்களைக் கூட்டி ஒரு விருந்து நடத்தினார். மாபெரும் விருந்தல்ல. சோறு, பலாக்கொட்டையும் கடலையும் சேர்ந்த ஒரு கறி. அவ்வளவுதான். ஆனால், பந்தியிலே ஈழவ இளைஞர்களோடு சேர்ந்து உட்கார்ந்தது யார்? புலையர்! அந்தக் காலத்தில் புலையரின் நிழலுக்கே தீட்டு உண்டு என்று நம்பிய நாடு அது.

என்ன ஆயிற்று? கொந்தளித்தது ஊர். யார் கொந்தளித்தார்கள்? நம்பூதிரியா? நாயரா? இல்லை, ஐயப்பனின் சொந்தச் சாதியாரான ஈழவர்களே! தங்களைக் கோயில் தெருவில் நடக்கவிடாத சாதிக் கொடுமையைக் கண்டித்தவர்கள், தங்களுக்குக் கீழே ஒருவன் இலை போட்டு உட்கார்ந்ததும் பதறினார்கள். கலந்துண்டவர்களின் குடும்பங்களைச் சாதியிலிருந்து விலக்கினார்கள். ஐயப்பனைப் ‘புலையன் ஐயப்பன்’ என்று அழைத்து இழித்துப் பேசினார்கள். அவரோ அந்தப் பெயரைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். மக்களோ பின்னர் ‘சகோதரன் ஐயப்பன்’ என்று அவரை வாழ்த்தினார்கள். அவருடைய ஆசான் நாராயண குரு, கலந்துண்பதிலும் கலந்து மணப்பதிலும் எந்தக் குற்றமும் இல்லை என்று 1921-இல் செய்தியே விடுத்தார். ஏளனம் செய்யப்பட்ட அந்த இளைஞர் பின்னாளில் அமைச்சரும் ஆனார்.

செறாயி தரும் பாடம் கசப்பானது. ஆனால் மருந்துபோல் தேவையானது. சாதி ஏணியில் ஒவ்வொரு படியும் மேலே பார்த்து அழும். கீழே பார்த்து உதைக்கும். மேல்சாதியார் எங்களோடு உண்ண மறுக்கிறார்கள் என்று குமுறுவது எளிது. சேரியிலிருந்து வருகிறவனோடு நாங்கள் உண்போம் என்று எழுவதுதான் அரிது. முதலாவதை மட்டும் செய்பவன் தன் இடத்தை உயர்த்தப் பார்க்கிறான். இரண்டாவதைச் செய்பவனே ஏணியை உடைக்கிறான்.

சேரன்மாதேவி

ஐயப்பன் விருந்து நடந்த சில ஆண்டுகளில், தமிழ்நாட்டில் ஒரு பந்தி அரசியலையே புரட்டிப் போட்டது. 1922-இல் வ. வே. சு. ஐயர் ஒரு குருகுலம் தொடங்கினார்; சேரன்மாதேவியில் அது நடந்தது. நாட்டு விடுதலைக்கு நல்ல தொண்டர்களை உருவாக்குவது நோக்கம். தமிழ்நாடு காங்கிரசுக் குழு 10,000 ரூபாய் தர இசைந்து, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் ஒரே தேசபக்திப் பாடம். ஆனால், சாப்பாட்டு நேரம் வந்தால்? பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனியிடம், மற்றவர்களுக்கு வேறிடம்!

அங்கே பயின்ற சிறுவர்களில் ஒருவன், பின்னாளில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரான ஓமந்தூர் இராமசாமியாரின் மகன். செய்தி அவன் வழியே வெளியே வந்தது. டாக்டர் வரதராசுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. இராமசாமியும் பொங்கி எழுந்தார்கள். மீதிப் பணத்தைத் தர மறுத்தார் பெரியார். 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசியலில் பெரிதாகப் பேசப்பட்டது இரண்டு சிறுவர்களின் சாப்பாட்டு இடம்!

ஐயரின் தரப்பையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவர் சாதியைப் பெரிதாகக் கருதியவர் அல்லர். அச்சிறுவர்களின் பெற்றோர்க்கு வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்கை மீற மனமில்லை. காந்தியாரும் சமரசம் பேசினார். ஆனால் எதிர்த்தவர்களின் கேள்வி தெளிவானது: பொதுப்பணத்தில் நடக்கும் கூடத்தில், நாளைய தலைமுறையை வார்த்தெடுக்கும் கூடத்தில், பத்து வயதுப் பிள்ளையின் நெஞ்சிலே ‘நீ தனியே உட்கார்’ என்று எழுதலாமா? 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரசுக் குழு, பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டுவது நாட்டுப்பணி நிறுவனங்களில் கூடாது என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அதை ஏற்காத இராசகோபாலாச்சாரியார் முதலியோர் குழுவிலிருந்து விலகினர். 1925 சூன் 3-ஆம் நாள், பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்த ஐயர் உயிரிழந்தார். அத்துயர முடிவுக்கு எவர் நெஞ்சும் கசியும். அதே ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில், வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டபோது பெரியார் காங்கிரசிலிருந்து வெளியேறினார். அந்த வெளியேற்றத்துக்கு நேரான காரணம் தீர்மானம். ஆனால் அதற்கு முன்பே அவர் நெஞ்சில் வடு விழச் செய்தது சேரன்மாதேவிப் பந்தி.

சட்டம் எதுவரை?

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1927 மார்ச்சு 20-ஆம் நாள் மகாடில் டாக்டர் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்று பொதுக்குளத்தில் நீர் பருகினார். அன்று வெறிகொண்ட கூட்டம் எதைத் தேடித் தாக்கியது தெரியுமா? பந்தலிலே அம்மக்களுக்காக ஆக்கியிருந்த உணவை! பாத்திரங்களை உடைத்து, சோற்றை மண்ணிலே கொட்டியது. தாழ்த்தப்பட்டவன் நீரைத் தொட்டதற்குத் தண்டனை, அவன் சோற்றை மண்ணாக்குவது. தமிழகத்தில் புகைவண்டி நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனருக்கெனத் தனியிடம் ஒதுக்கிய வழக்கம், பெரியாரின் எதிர்ப்பின் விளைவாக 1941-இல் ஒழிந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15-ஆம் பிரிவு உணவு விடுதிகளின் கதவை எல்லாருக்கும் திறந்தது. 1955-இல் தனிச் சட்டமும் பிறந்தது. 1957-இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பெயர்ப் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துத் தொண்டர்கள் அணியணியாய்ச் சிறை சென்றார்கள்.

பள்ளிகளும் பந்திகளாயின. 1920-இல் சென்னை மாநகராட்சியில் நீதிக்கட்சியினர் தொடங்கிய முயற்சி, 1956-இல் காமராசரின் மதிய உணவாகி, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவாகி, 2022-இல் காலை உணவும் சேர்ந்து வளர்ந்திருக்கிறது. வரிசையாக உட்கார்ந்து ஒரே சோற்றை உண்ணும் பிள்ளைகளைக் காணும்போது ஆசிரியராகிய நமக்கு நெஞ்சம் நிறைகிறது. ஆனால், 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பெண் சமைக்கக் கூடாது என்று ஊரார் சிலர் பள்ளியை எதிர்த்தார்களே! 2023-இல் கரூர் மாவட்டத்தில் அதே காரணத்துக்காகப் பெற்றோர் சிலர் பிள்ளைகளைக் காலை உணவு உண்ணவிடாமல் தடுத்தார்களே! பிள்ளைக்குத் தெரியாத தீட்டு பெற்றோருக்கு எங்கிருந்து தெரிந்தது? வீட்டிலிருந்து! சட்டம் விடுதிக்குள் நுழைந்தது, பள்ளிக்குள் நுழைந்தது. வீட்டு வாசற்படியில் நின்றுவிட்டது.

இது வெறும் கற்பனை அன்று. 2011–12-ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் நடத்தப்பட்ட இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு, தீண்டாமையைக் கைக்கொள்கிறீர்களா என்றும், தாழ்த்தப்பட்டவர் உங்கள் சமையலறையில் நுழையவோ பாத்திரத்தைப் பயன்படுத்தவோ விடுவீர்களா என்றும் கேட்டது. நூற்றுக்கு ஏறத்தாழ 27 குடும்பங்கள் தீண்டாமை உண்டு என்பதையே ஏதேனும் ஒரு வகையில் ஒப்புக்கொண்டன. கேட்பவர் முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டவர்களின் கணக்கு இது!

மேடைப் பந்தியும் வீட்டுப் பந்தியும்

கலந்துண்பதால் மட்டும் சாதி ஒழிந்துவிடுமா? ஒழியாது என்று 1936-இல் வெளிவந்த ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கரே எழுதினார். கலந்துண்டவர்கள் கலந்து மணக்கவில்லை. சாதியைப் புனிதமாக்கும் சாத்திரத்தின்மீது உள்ள நம்பிக்கையும் போகவில்லை. ஆகவே கலப்பு மணமே உண்மையான மருந்து என்பது அவர் வாதம். மறுக்க முடியாத வாதம். மேலே சொன்ன ஆய்விலேயே, கலப்பு மணம் செய்துகொண்டவர் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர்தான்.

ஆனால் எந்தப் பந்தி பயன் தரவில்லை என்று சற்றே சிந்திக்க வேண்டும். ஆண்டுக்கொரு நாள், பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, தலைவர்கள் வந்து, படம் எடுத்து, மாலையில் கலைந்து போகும் பந்தி. அது கொள்கையை ஊருக்கு அறிவிக்கிறது. அந்த அளவில் அதற்கு மதிப்புண்டு. ஆனால், பந்தல் பொது இடம். பாத்திரம் வாடகைப் பாத்திரம். சமையற்காரர் கூலிக்கு வந்தவர். அங்கே எவருடைய அடுக்களையும் சோதனைக்கு உள்ளாகவில்லை. சேரிக்குச் சென்று ஒரு குடிசையில் உண்டு வருவதும் அப்படித்தான். உண்டவன் பெருமை பெறுகிறான். ஆக்கிப் போட்டவனுக்குத் திரும்ப அழைப்பு வருகிறதா? அவனும் அவன் மனைவி மக்களும் இவன் வீட்டுக் கூடத்தில், இவன் தாய் பரிமாற, இவன் குழந்தைகளின் நடுவில் உட்காரும் மாலை வருகிறதா? அது வராதவரை, அந்த விருந்து ஒருவழிப் பாதை!

வீட்டு விருந்தில் மட்டுமே நடக்கும் செயல் ஒன்று உண்டு. அங்கே பாட்டி இருக்கிறாள், பக்கத்து வீட்டார் இருக்கிறார்கள், மணமாகாத தங்கை இருக்கிறாள், வரும் தோழனுக்குத் தாயும் தமக்கையும் இருக்கிறார்கள். ‘இன்னும் கொஞ்சம் குழம்பு?’ என்ற கேள்வியில் தொடங்கும் பேச்சு, படிப்பைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் நோயைப் பற்றியும் நீள்கிறது. பத்து முறை அப்படி உண்டவர்களைப் பதினொன்றாம் முறை பெயர் சொல்லித்தான் அழைக்க முடியும். சாதி சொல்லி அழைக்க நா எழாது. கலப்பு மணம் வானத்திலிருந்து இறங்குவதில்லை. இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று அறிந்த வீட்டிலேதான் அது இயற்கையாக முளைக்கும். ஆகவே அம்பேத்கர் சொன்ன மருந்துக்கு எதிரானதன்று வீட்டுப் பந்தி. அந்த மருந்துக்குச் செல்லும் வாசல்.

‘அவர்கள் உணவு வேறு, எங்கள் உணவு வேறு’ என்று சிலர் சொல்லக்கூடும். புலால் உண்ணாதவன் உண்ண வேண்டும் என்று எவரும் வற்புறுத்தவில்லை. கோவலனும் கண்ணகியும் சமண நெறியினர் என்பதறிந்த இடைக்குல மாதரி, பலாக்காயும் வெள்ளரியும் மாதுளையும் மாங்கனியும் வாழைப்பழமும் அரிசியும் பாற்பயனும் தேர்ந்து கொடுத்தாளே! விருப்பத்தை மதிப்பது விருந்தறம். விருப்பத்தின் போர்வைக்குள் தீட்டை ஒளிப்பது ஏமாற்று.

பந்திக்கு வராதவள்

மாதரி வீட்டை நினைத்ததும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அந்தக் குடிலிலே கண்ணகி காய்களை அரிகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது. வாழைக் குருத்தை விரித்துக் கணவனுக்குப் பரிமாறுகிறாள். உண்டு முடித்தவனுக்கு வெற்றிலை மடித்துத் தருகிறாள். கோவலன் உண்டதை இளங்கோவடிகள் விரிவாகச் சொல்லுகிறார். கண்ணகி உண்டாளா? காப்பியம் சொல்லவில்லை!

விருந்தோம்பலைப் புகழ்ந்த நம் இலக்கியத்தில், சமைத்தவள் இலையின் முன் உட்காரும் காட்சியைத் தேடித் திரிய வேண்டியிருக்கிறது. இன்றும் என்ன நிலை? நண்பர்கள் நால்வர் வருகிறார்கள். கூடத்தில் உலக அரசியல் பேசுகிறார்கள். பெண்ணுரிமை பற்றியே முழங்குகிறார்கள். அடுக்களையில் ஒருத்தி தோசை வார்த்துக்கொண்டே இருக்கிறாள். எல்லாரும் ஏப்பம் விட்டு எழுந்த பிறகு, ஆறிய குழம்பும் அடிச்சோறும் அவளுக்கு. சாதிப் பந்தியை உடைத்த வீரன், தன் வீட்டிலே ஆண் பந்தி, பெண் பந்தி என்று நடத்தினால் அவன் உடைத்தது பாதி மதிலைத்தான்.

2019-இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது: கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிடுவது 299 நிமிடம், ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். அதிலும் அவ்வேலையில் கை வைக்கும் ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான்; பெண்கள் 81 பேர். புரட்சிக் கவிஞர் பாரதிதாசன் தம் ‘குடும்ப விளக்கு’ நூலின் இரண்டாம் பகுதிக்கு ‘விருந்தோம்பல்’ என்றே பெயர் வைத்தார். சமையல் பெண்ணுக்கே விதித்த கடமை என்று இந்நாட்டில் நிலவும் சட்டத்தை நீக்க வேண்டுமானால் பெண் கல்வி வேண்டும் என்றும் அந்நூலில் பாடினார். பெண்கள் கற்றுவிட்டார்கள். பள்ளியிலும் பணிமனையிலும் உழைத்துச் சம்பளமும் கொண்டுவருகிறார்கள். இனிக் கற்க வேண்டியவர்கள் ஆண்கள்! உலை வைக்கவும், உப்புப் பார்க்கவும், உண்ட பாத்திரத்தைத் துலக்கவும்!

இளைஞர்களே!

போராட்டம் என்றதும் சிறைச்சாலையையும் தடியடியையும் நினைக்கிறோம். அவற்றைக் கண்டு அஞ்சாத தலைமுறை நமக்கு முன்னே நடந்து சென்றது. புகைவண்டி நிலையத்தில் நமக்கு இடம் வாங்கித் தந்தது. விடுதிப் பலகையை அழித்துத் தந்தது. பள்ளியிலே ஒரே பந்தியைத் தந்தது. அவர்கள் விட்டுச் சென்ற இடம் நம் வீட்டு வாசற்படி. அங்கே நம்மைத் தடுக்கக் காவலர் எவருமில்லை. தடுப்பது தாயின் தயக்கமும், தந்தையின் முகச்சுளிப்பும், ‘ஊர் என்ன சொல்லும்’ என்ற அச்சமுமே. அன்புடையவரை எதிர்த்து நிற்பது பகைவனை எதிர்ப்பதைவிடக் கடினம். நாம் அதை அறிவோம். ஆனால், பக்குவமாகப் பேசினால் கரையாத தாய் மனம் உண்டா? பசியோடு வந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு அவன் சாதியைப் பார்க்கும் தாய், சாத்திரத்தின் சிறையில் இருக்கிறாள். அவளை விடுவிப்பதும் நம் கடமையே.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உடன் படிக்கும் தோழனையோ, உடன் பணியாற்றும் தோழியையோ குடும்பத்தோடு அழையுங்கள். இதுவரை நம் வீட்டு வாசலைத் தாண்டி வராத ஒருவராக அவர் இருக்கட்டும்; அப்போதுதான் அது பழந்தமிழர் சொன்ன விருந்து. ஆடவர் காய் அரியட்டும், அரிசி களையட்டும். நெய்யும் முந்திரியும் வேண்டியதில்லை. இரசமும் ஒரு பொரியலும் போதும். சமைத்ததை நடுவில் வைத்து, அம்மாவையும் கையைப் பிடித்து அழைத்து வந்து, எல்லாரும் ஒரே வட்டமாக உட்காருங்கள். அவரவர்க்கு வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். அடுத்த முறை அவர்கள் வீட்டில். அங்கே அவர்கள் இட்டதை, வீட்டுச் சோற்றைப் போலவே, கேட்டு வாங்கி உண்ணுங்கள்.

செறாயியில் ஒரு சோறும் ஒரு கறியும் ஒரு நாட்டைக் குலுக்கின. நம் ஊரில், நம் தெருவில், நம் வீட்டுக் கூடத்தில் அதைச் செய்யப் பணம் வேண்டாம், பந்தல் வேண்டாம், தலைவர் வேண்டாம். இலைகள் வேண்டும், அந்த இலைகளுக்கு இடையே எந்த இடைவெளியும் இல்லாதிருக்க வேண்டும். இலைகளை நெருக்கிப் போடுங்கள்!